மதினிக்குச் சொன்ன ஆரூடம்

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அச்சும் வானொலியும் போனும் மனிதர்களை எப்படி மாற்றின, அடுத்து என்ன வரும் என்று கோட்பாடுகளை வைத்துப் பேசுவதுதான் என் பிழைப்பு. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்வேன். எதைப் பெரிதாக்குகிறது? எதை ஒதுக்கித் தள்ளுகிறது? முன்பு தொலைந்துபோன எதைத் திருப்பிக் கொண்டுவருகிறது? அளவு மீறினால் என்னவாக மாறும்? முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் பதில் சொல்ல எனக்கு எப்போதுமே பிடிக்கும். கைதட்டல் அங்கேதான் கிடைக்கும்.

என் அண்ணன் பசுவந்தனைப் பக்கம் மானாவாரியாக மிளகாயும் உளுந்தும் போடுகிறார். அவர் மனைவி, என் மதினி, பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. விவரம் தெரியும் முன்பே தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, ஊர்ப் பெண்களுக்கு எழுத்து சொல்லித்தர ஒரு டீச்சர் சாயங்காலங்களில் வர ஆரம்பித்தார். முதல் ஆளாகச் சேர்ந்தது மதினிதான். தெருப் பெண்களையும் அவரே இழுத்துக்கொண்டு போனார். தன் பெயரை எழுதக் கற்று, பஸ் போர்டில் பாதியைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது, மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகன் புதுப் போன் அனுப்பியிருந்தான். மதினி அதை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுலயே எல்லாம் முடிஞ்சிருது. அப்புறம் எதுக்குத் தம்பி நான் இந்த வயசுல அ, ஆன்னு மல்லுக்கட்டுதேன்?"

உண்மையில் அவர் கேட்டது, விடாமல் படி என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேனா என்றுதான். அது இப்போது புரிகிறது. எனக்கோ அன்று வகுப்பெடுக்கும் உற்சாகம். மனிதன் ஆதியில் பேச்சாலேயே வாழ்ந்தான், எழுத்து நடுவில் வந்தது, இனி பேச்சின் காலம் திரும்பி வரப்போகிறது என்று அண்ணன் முன்னாலேயே விளக்கினேன்.

"எழுத்தைப் போனே பாத்துக்கிடும் மதினி. நீங்க பேசினாப் போதும்."

"படிச்சவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பொங்கல் கழிந்து அவர் வகுப்புக்குப் போகவில்லை. அவர் போகாததால் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். டீச்சர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார்.

என் ஆரூடம் பலித்தது. மதினி விளாத்திகுளத்து மிளகாய் விலையைப் போனிடம் வாயால் கேட்பார், அது பதில் சொல்லும். மஸ்கட்டில் மகன் என்ன குழம்பு வைத்தான் என்பதுவரை இங்கே தெரியும். இதையெல்லாம் ஒரு கருத்தரங்கில் கட்டுரையாக வாசித்தேன். மதினியின் குரலை அரங்கில் போட்டுக் காட்டினேன். எழுத்தைத் தாண்டி எதிர்காலத்துக்குள் போய்விட்ட பெண் என்று அவரைப் பற்றிச் சொன்னேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

போன ஐப்பசி மழையில் மதினிக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தேறி எழுந்தபோது ஒரு காது இரைந்துகொண்டே இருந்தது. பிறகு அது அடங்கியது, அதோடு கேட்பதும் நின்றது. மறு காதும் மெல்லப் போனது. நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். காதில் மாட்டிய மெஷினில் சத்தம் வந்ததே தவிர, சொல் வரவில்லை.

நான் பார்க்கப் போனேன். மகனுடைய வாய்ஸ் மெசேஜ்கள் திறக்கப்படாமல் வரிசையாகக் கிடந்தன. வீடியோவில் வந்தால் அவன் வாயசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாராம். அண்ணன் சொன்னார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் வசதியை மதினியின் போனில் போட்டேன். மகனின் ஒரு செய்தியை ஓடவிட்டதும் திரையில் எழுத்துகள் கடகடவென்று வந்து விழுந்தன. சாதித்துவிட்ட பெருமையோடு போனை அவர் முன்னால் நீட்டினேன்.

மதினி திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே தம்பி" என்றார்.

கோபமே இல்லாமல்தான் சொன்னார். நான் கழிவறைக்குப் போவதுபோல் எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். என் நான்கு கேள்விகளில் இரண்டாவதை, எதை ஒதுக்கித் தள்ளுகிறது என்பதை, நான் இந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் விஷயத்தில் அது பரீட்சைக் கேள்வி. மதினி விஷயத்தில் கேட்கவேண்டிய கடமை இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறேன். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். காது போய்விட்ட ஒருவருக்கு எழுத்து சொல்லித்தருவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய வகுப்பில் படித்ததில் மறக்காமல் மிஞ்சிய எழுத்துகள் மட்டும்தான் அவருக்குள் ஒலியோடு இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் காட்டினால், என் உதட்டைப் பார்த்து, அரிசி மூட்டையையோ ஆட்டையோ என்னைக் கை காட்டச் சொல்லி, ஊகித்துப் பிடிக்கவேண்டும். அன்றே தொடர்ந்து போயிருந்தால் இந்நேரம் மகன் அனுப்புவதை வாசித்திருப்பார். அண்ணனுக்கும் இது தெரியும். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை பொறுக்கமுடியாமல், "என்னாலதான் மதினி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்ன சொல்லுதீங்க?" என்று காதோரம் கையை வைத்தார்.

சிலேட்டை வாங்கி, மன்னிச்சிருங்க என்று எழுதினேன். அவர் விரலை வைத்து, 'ம' என்றார். அடுத்த எழுத்தில் நின்றார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இது இன்னும் வரலை தம்பி. லேசா ஒண்ணு எழுதுங்க."

விளக்க எனக்கு வாயும் இல்லை, கையும் இல்லை. அழித்தேன். வெளியே மேற்கில் கருத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் இடித்தது அவருக்குக் கேட்டிருக்காது. முந்தின வாரம் 'ழை' பழகியிருந்தோம். மழை என்று எழுதினேன்.

"ம... ழை" என்று உரக்கப் படித்தார். சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"ஏ தம்பி! மிளகா காயுதுல்லா!"

சிலேட்டைப் போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அண்ணன் தார்ப்பாயோடு வந்தார். மூன்று பேரும் குனிந்து வத்தலைக் கூட்டிக் குவித்தோம். நெடி ஏறிக் கண்ணெல்லாம் எரிந்தது. பாதியை மூடுவதற்குள் தூறல் விழுந்துவிட்டது.