அம்புக்காரி தவறவிட்ட காலர்

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு யாரும் என்னை நல்லவள் என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது.

சட்டை தைக்கும் கம்பெனியில், மூன்றாவது லைனில் நான் காலர் தைக்கிறேன். அவள் அதே லைனின் கடைசியில், டியூப் லைட்டுக்குக் கீழே நின்று சட்டைகளைச் சோதிக்கும் செக்கர். குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அதனால் அவளுக்கு அம்புக்காரி என்று பெயர். ஒன்பது வருடத்தில் அவள் ஒட்டிய அம்புகளில் பாதி என் காலரில்தான் விழுந்திருக்கும். காலரின் இரண்டு முனையும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மற்ற செக்கர்கள் கண்டும் காணாமல் விடுவார்கள். இவள் பாக்கெட்டிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுப்பாள்.

"கண்ணு எதுக்கு இருக்கு உனக்கு? மூஞ்சிக்கு அழகுக்கா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்.

"உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்தே அவிஞ்சு போச்சு" என்பேன் நான்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். காலையில் அண்ணியோடு ஒரு சண்டை, பஸ்ஸில் கண்டக்டரோடு ஒன்று, வேலைக்கு வந்ததும் என்னோடு. சாப்பாட்டு நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால், மூடி சரியாக மூடவில்லை என்று டப்பாவைத் திட்டுவாள்.

ஒரு தடவை காய்ச்சலும் தலைவலியுமாக ஒரு வாரம் லீவில் இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து கத்தல் கூடிப்போனது. தன் கத்தரிக்கோலில் யாரோ விஷம் தடவியிருப்பதாகச் சொன்னாள். சூப்பர்வைசர் டியூப் லைட் வழியாகத் தன்னை உளவு பார்க்கிறார் என்றாள். "முத்திப்போச்சு" என்று எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமை என் மெஷினில் ஊசி வளைந்து, ஒரு காலரின் முனை விரல் அகலத்துக்குக் கோணிவிட்டது. கவனிப்பதற்குள் சட்டை அவளிடம் போய்விட்டது. வரட்டும் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்து, நல்ல சட்டைகளின் அடுக்கில் வைத்தாள். அடுத்து வந்த சட்டையில் ஒரு கை உள்பக்கம் வெளியே தெரியத் தைக்கப்பட்டிருந்தது. அதையும் வைத்தாள். வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நல்லா தைக்கிறே" என்றாள்.

ஒன்பது வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

மறுநாள் அண்ணியை அடிக்கப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் சேர்த்துவிட்டார்கள். பத்து நாளாக மாத்திரையைக் கூட்டியும் பலன் இல்லை, திங்கட்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் மனநலக் காப்பகத்துக்கு நிரந்தரமாக அனுப்பப் போகிறார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். அங்கே போய்த் திரும்பியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலையே கிளம்பிப் போனேன். பாசம் ஒன்றும் இல்லை. என்னோடு போடவேண்டிய சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் எப்படிப் போகலாம் என்ற ஆத்திரம்.

அவள் கட்டிலில் கட்டையாகக் கிடந்தாள். பக்கத்தில் டாக்டர் அண்ணனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் டாக்டர். யாரோடயும் ஒத்துப்போக மாட்டா."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்" என்றேன்.

"நீங்க யாரும்மா? சொந்தமா?"

"இல்ல, எதிரி. அவ கத்துறது வியாதி இல்ல டாக்டர், அது குணம். கோணக் காலரை நல்லா இருக்குன்னு சொன்னா பாருங்க, அதான் வியாதி."

"ஒரு காலருக்காகவா இங்க வந்து கத்துறே?" என்றார் அண்ணன்.

"நீங்க பேசாதீங்க. கூடப் பொறந்தவர்தானே? காய்ச்சல் வந்ததைச் சொன்னீங்களா? அவ வெறும் வாயை மென்னதைப் பார்த்தீங்களா?"

டாக்டரின் பேனா நின்றது. "காய்ச்சலா? என்ன மென்னாங்க?" என்று கேட்டார்.

அன்றே நரம்பு டாக்டர் ஒருவர் வந்து முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். காப்பகம் தள்ளிப்போனது. முடிவு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டார். நானும் நுழைந்துகொண்டேன்.

"மூளையில ஒரு செல் இன்னொரு செல்லைத் தூண்டுறது பெரும்பாலும் குளூட்டமேட்ங்கிற ரசாயனத்தாலதான். அதை வாங்கிக்க செல் மேல ஏற்பிகள் இருக்கு. ஞாபகம், கவனம், புதுசா கத்துக்கிறது எல்லாத்துக்கும் அது வேணும். இவங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே அதுல ஒரு வகை ஏற்பியைத் தப்பா எதிரின்னு நினைச்சு, செல்லுக்குள்ள இழுத்துப் போட்டுடுது."

"நல்ல பீஸை ரிஜெக்ட் பண்ணுதுன்னு சொல்லுங்க" என்றேன். "இவ ரத்தத்துலயும் ஒரு செக்கரா!"

அவர் சிரிக்கவில்லை. ஸ்கேனில் பார்த்தால் சூலகத்தில் ஒரு சின்னக் கட்டி இருப்பதாகவும், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள்தான் மூளையையும் தாக்குகிறது என்றும் சொன்னார். கட்டியை எடுத்து மருந்து கொடுத்தால் தேற வாய்ப்பு உண்டாம்.

"முன்னாடியே ஏன் பார்க்கல?" என்று எகிறினேன்.

"எப்பவும் இப்படித்தான்னு சொன்னாங்களேம்மா."

லைனில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. வெட்கமாக இருந்தது.

ஏழு மாதம் கழித்து வந்தாள். இளைத்திருந்தாள். அந்த நாட்கள் எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாள் பார்ப்போம், குறைகளைத் தவறவிட்டால் செக்கர் வேலையை விட்டுச் சட்டை மடிக்கும் மேசைக்குப் போகட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்று ஒரு காலரின் இடது முனையை வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர் நீட்டித் தைத்து அனுப்பினேன். அவளுக்கு உதவவா, பழிவாங்கவா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். பிறகு சட்டை என் மேசையில் வந்து விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் வந்து கத்துனியாமே? அதுக்காக உன் காலரை விட்டுடுவேன்னு நினைச்சியா?"

இடது முனையில் ஒரு அம்பு இருந்தது. திருப்பினேன். பின்பக்கம், காலர் மடிப்புக்கு அடியில், இரண்டு தையல் விட்டுப்போன இடத்தில் இன்னொரு அம்பு. அது நான் வைத்த குறை இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"பாவி" என்று அவளுக்குக் கேட்கும்படியே திட்டிவிட்டு, காலரைப் பிரிக்க உட்கார்ந்தேன். நூல் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியவில்லை.