புளி தின்ற வெள்ளைக் கல்

எங்கள் வாப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. எனக்கும் அதே மூக்குத்தான். எனக்கு மூத்தவனான நானாவுக்கு மட்டும் உம்மாவின் பொறுமை வாய்த்திருந்தது. அடி வாங்கியதும் அவன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டிக்குப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் பாலத்தைத் தாண்டி எங்கள் வீடு, வீட்டுக்கு மேலே மேட்டில் வாப்பாவின் சுண்ணாம்புச் சூளை. எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள்.

எங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வரப்போகிறவர் கண்டி டவுனில் வளர்ந்தவர், கிணற்றடியில் குளித்துப் பழக்கமில்லை என்று அவர்கள் வீட்டில் யாரோ வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், வாப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்ளேயே குளியலறை கட்டினார். தரைக்குச் சூளையில் எரிக்கிற அதே வெள்ளைக் கல்.

"சீமெந்து ஊர்ல எல்லாரும் போடுவான். என்ட மருமகன் வெள்ளக் கல்லுல கால் வெக்கணும்," என்றார்.

வேலையெல்லாம் வாப்பாவும் நானாவும்தான். நானா குவியலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வந்த கல்லை மட்டும் பொறுக்கினான். சதுரமாகக் கொத்தினான். நூல் கட்டி, சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளும் குழைத்த சாந்தைப் பரப்பி, கல்லை வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினான். தண்ணீர் ஓடுவதற்கு மூலைத் துவாரத்தை நோக்கிக் கொஞ்சம் சரிவு. ஒவ்வொரு கல்லுக்கும் வாப்பா மட்டப்பலகையை வைத்துப் பார்ப்பார். ஒரு முனை தூக்கி நின்றால் அதே பலகை நானாவின் முதுகில் விழும். நான் குசினியில் பல்லைக் கடித்துக்கொண்டு தேங்காய் துருவுவேன்.

மெருகு போடும் நேரத்தில் சண்டை முற்றியது. "இப்பிடியே சொரசொரப்பா ஈக்கட்டும் வாப்பா. ஈரத்துல வழுக்கும்," என்றான் நானா. வாப்பாவுக்கோ முகம் தெரிகிற பளபளப்பு வேண்டும். "எனக்குப் படிச்சுத் தர வந்தியா?" என்று கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். நானா உதட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். தண்ணீர் ஊற்றி ஊற்றி நாட்கணக்கில் தேய்த்தான். கடைசியில் குனிந்தால் நம் முகமே தரையில் தெரிந்தது. அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள். வாப்பாவின் மூத்த சகோதரி, எங்கள் பெரிய மாமி, கம்பளையிலிருந்து வந்திருந்தார். வந்த கையோடு வீட்டை அதிகாரம் பண்ணத் தொடங்கிவிட்டார். வெற்றிலை வட்டா, எச்சில் படிக்கம், செம்பு எல்லாம் கறுத்துக் கிடக்கிறதாம்! அத்தனை பித்தளையையும் புதுக் குளியலறைக்குள் பரப்பி, புளியும் தேசிக்காய்ச் சாறும் போட்டுக் காலை முழுக்கத் தேய்த்தார். "பாத்தியா மகள், இதுதான் வேல!" என்று என் தாடையைக் கிள்ளிவிட்டுப் போனார். பித்தளை என்னவோ மின்னத்தான் செய்தது.

தரை காய்ந்த பிறகுதான் வினை தெரிந்தது. செம்பு இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக, புளித் தண்ணீர் ஓடிய இடமெல்லாம் கோடு கோடாக, பளபளப்புச் செத்து வெளுத்துக் கிடந்தது கல். வாப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு "டேய்!" என்று ஒரு கத்துக் கத்தினார்.

நானா ஓடிவந்தான்.

"மெருகு போடச் சொன்னத்துக்குப் பழி வாங்கிட்டியா? ஊத்தக் கல்லப் பதிச்சு என்ட மானத்த வாங்கிட்டியேடா!"

வாப்பா அவன் பிடரியைப் பிடித்து முகத்தைத் தரையில் அமுக்கினார். "பாரு! நல்லாப் பாரு!" கல்லில் மூக்கு இடித்து இரத்தம் கொட்டியது. நானா முதல் தடவையாகத் திமிறினான். எழுந்து, வாப்பாவின் நெஞ்சில் வலது கையை வைத்துச் சுவரோடு தள்ளினான். தள்ளியவன் தன் கையைத் தானே பார்த்து மிரண்டு நின்றான். அந்தக் கையில்தான் மட்டப்பலகை இறங்கியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மருதோன்றி காயாத கையோடு நான் குறுக்கே விழுந்தேன். "மாமிதான்! மாமிதான் புளி போட்டுத் தேச்ச!" கையில் அகப்பட்ட படிக்கத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். வாப்பா என்னைப் பார்க்கவேயில்லை. "வெளிய போ. என்ட மௌத்துக்கும் வராத," என்று நானாவிடம் சொன்னார். அவன் முறிந்த கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு மேட்டில் ஏறிச் சூளைப் பக்கம் போய்விட்டான்.

மாலையில் வாப்பா, நானா மெருகு பார்க்கத் தனியாகத் தேய்த்துவைத்திருந்த கல் ஒன்றில் தேசிக்காயைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தார். அதே வெளுப்பு. ஆயுள் முழுக்கச் சுண்ணாம்பு சுட்ட மனிதருக்கு இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா? கல்லைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். ஆனாலும் மேட்டுக்கு ஏறவில்லை. அல்லாவே, எனக்கு அவரைக் கொன்றால் என்ன என்றிருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாள் மாப்பிள்ளை வந்து முன் அறையில் உட்கார்ந்துவிட்டார். சம்மதம் கேட்க வாப்பா சாட்சிகளோடு என்னிடம் வந்தார். பெண் வாய் திறக்கத் தேவையில்லை; தலை குனிந்து சும்மா இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் தலையை நிமிர்த்தினேன்.

"நானா வராம எனக்குக் கலியாணம் வாணாம்."

வாப்பா என்னை அறைந்தார். காதுத் தோடு கழன்று பாயில் விழுந்தது. "சம்மதம்னு செல்லு!"

"நானாட கைய ஒடச்ச கையால என்னக் குடுக்க ஏலா வாப்பா. போய்க் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி மாப்பிள்ளையத் திரும்பிப் போகச் செல்லுங்க."

மாமி மாரில் அடித்துக்கொண்டார். சாட்சிகள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். வாப்பா மறுபடியும் கையை ஓங்கினார். உம்மா எழுந்து வந்து என் முன்னால் நின்றார். ஓங்கிய கை இறங்கியது. வாப்பா பட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

நானா வந்தான். வீங்கிய மூக்கு, நாட்டு வைத்தியர் வெதமாத்தயா பச்சிலை வைத்து மூங்கில் பட்டையால் கட்டிய கை. யாரையும் பார்க்காமல், கை கால் கழுவி ஒளு எடுக்கக் குளியலறைக்குள் போனான். ஒற்றைக் கையால் தண்ணீர் மொண்டு அதே கையை எப்படிக் கழுவுவது? தடுமாறினான். வாப்பா உள்ளே போனார். அத்தனை பேர் பார்க்க அந்த வெளுத்த கல்லில் குந்தி உட்கார்ந்து, செம்பை எடுத்து அவன் கையில் ஊற்றினார். பிறகு காலில் ஊற்றினார். தண்ணீர் கல்லெங்கும் சிந்தி ஓடியது. நானாவின் கால் வழுக்கவில்லை.

"காணும் வாப்பா, போதும்," என்றான்.

நான் சம்மதம் சொன்னேன். நானா கலியாணச் சபையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. அன்றைக்கே நாவலப்பிட்டிக்குப் போய் ஒரு கடையில் சேர்ந்துகொண்டான். கை கோணலாகவே பொருந்தியது. வாப்பாவிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு குளியலறையில் சொன்னதுதான்.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்யுமுன் அவனுக்கு ஆள் அனுப்பினோம். அவன் வரவில்லை. வராதே என்று சொன்னவர் அவர்தானே.