லோரியேறிய ஆட்டுக்கல்

பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரக் கம்பத்தில், அந்தச் சின்னக் குடியிருப்பில், லோரிக்கார ரெங்கசாமியின் வாய்க்கு மூடியே கிடையாது. எண்பதுகளில், அதே ஆற்றின் மேலே மலையிலிருந்த அணையின் உயரத்தைக் கூட்டும் வேலைக்குத் தன் லோரியில் கருங்கல் ஏற்றிப் போன நாளிலிருந்து, அணையைத் தானே கட்டுவதாகத்தான் பேச்சு. "நம்ம கல்லு லா, அசையாது" என்பார். அணை உடையாது, பயப்படாதீர்கள் என்று அதிகாரிகளும் வந்து சொன்னார்கள். கம்பம் நம்பியது ரெங்கசாமியைத்தான். ஆற்றையொட்டி இருந்தது அவர் வீடு. அவரே அங்கே குறட்டை விடும்போது மற்றவர்களுக்கு என்ன?

குறட்டை நின்றுபோன சங்கதி மனைவி வீரம்மாவுக்கு மட்டும் தெரியும். அணையின் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் ஈரம் கசிவதை ரெங்கசாமி பார்த்துவிட்டார். கேட்டதற்கு, "அது வழமைதான்" என்று சிலோன்கார இஞ்சினியர் சண்முகரத்தினம் சிரித்தே அனுப்பிவிட்டார். பெருமை பேசிய வாயால் பயத்தைச் சொல்ல மனிதருக்குக் கூச்சம்.

அந்த நேரம் பார்த்து வீரம்மாவின் ஆட்டுக்கல் தேய்ந்துபோயிற்று. கல் கொத்துகிறவர் சுங்கை வே என்ற ஊரில் இருந்தார். மழை மூட்டமான ஒரு சனிக்கிழமை, புருஷனும் பெண்டாட்டியுமாக மூச்சு முட்ட அதை லோரியில் ஏற்றினார்கள்.

எதிர்வீட்டு நல்லம்மாள் பார்த்துவிட்டாள். டிவியைத் தூக்கினால் ரிப்பேருக்கு என்று நினைக்கலாம். ஆட்டுக்கல்லை யார் சும்மா தூக்குவார்கள்? "ரெங்கசாமியே கிளம்பிட்டாரு" என்றாள். அவ்வளவுதான். பாய், பானை, சாமி படம், கோழிக்கூடு எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன.

தகவல் எட்டி இஞ்சினியர் ஜீப்பில் ஓடி வந்தார்.

"கொத்தத்தான் சார் ஏத்தினேன்" என்று ரெங்கசாமி அவர் காதில் சொன்னார்.

"அப்ப அதைச் சனத்துக்குச் சொல்லும். கல்லை இறக்கி வையும். எல்லாம் அடங்கிப் போகும்."

சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் கோழிக்கூட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தன் வாயையே பார்த்து நின்ற நல்லம்மாளைக் கண்டதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"கொத்தத்தான் ஏத்தினேன்" என்றார் எல்லோருக்கும் கேட்க. "ஆனா அணைச் சுவர்ல ஈரம் கசியுது. எனக்குப் பயமா இருக்கு. அதைத் தோண்டிப் பாருங்க சார். நல்லாருக்குன்னா கல்ல இறக்குறேன்."

ஆட்டுக்கல் இறங்காமல் கருங்கல் ஏறாது. கருங்கல் ஏறாமல் அவருக்குப் பிழைப்பில்லை. அது தெரிந்துதான் சொன்னார். கம்பம் அவர் லோரிக்குப் பின்னாலேயே ரயில் பாதையோர மேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. இஞ்சினியர் முனகியபடி சுவரைச் சோதிக்க ஆள் அனுப்பினார்.

சோதனை முடியும்வரை, வீரம்மா ஊறிய அரிசியோடு லோரி மேல் ஏறித்தான் மாவாட்டினாள். தேய்ந்த கல்லில் அரைத்த இட்லி கரகரவென்றிருந்தது. கம்பமே வரிசையில் நின்று வாங்கித் தின்றது. ரெங்கசாமி மட்டும் வரவில்லை. லோரிக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.