வெட்டாத தாள்கள்

கலைக்களஞ்சிய அலுவலகத்திலிருந்து அவள் வேலையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மதம் மாறிய ஓர் அயர்லாந்துப் பிரபுவைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைதான் காரணம். அவர் நம்பிக்கையால் மாறினார் என்று எழுதியிருந்தாள். கட்டுரைகளைச் சரிபார்ப்பவர் அதை அடித்துவிட்டு, 'பதவிக்காக மாறினார். எழுதியவர் ஆதாரத்தைத் திரித்திருக்கிறார்' என்று ஓரத்தில் குறித்தார். எந்தப் பிழையும் அவரிடம் தப்பாது என்பதால் அவருக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். ஆசிரியர் எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

பையை மாட்டிக்கொண்டு அவள் சல்லடையின் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, நான் நூலகத்துல படிச்சு ஆதாரமா காட்டின புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தீங்களா?"

"பார்க்காம எழுத எனக்கென்ன கிறுக்கா?"

அவள் போன பிறகுதான் அலமாரியிலிருந்து அதை எடுத்தார். அலுவலகப் பிரதியில் தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே, ஓரம் வெட்டாமல் கிடந்தன. அளவுகோலால் கிழித்துப் பிரித்தார். பிரபுவின் கடிதம் உள்ளே இருந்தது. மதம் மாறியதால் பதவியும் நிலமும் போயின, அதில் வருத்தமில்லை என்று அவரே எழுதியிருந்தார்.

சல்லடைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் காத்து நிற்கும் பேருந்து நிறுத்தம் கூப்பிடு தூரம்தான். அவர் எழுந்திருக்கவில்லை. தன் குறிப்பை அழித்து, அவள் வாக்கியத்தைத் திரும்ப எழுதி, யாரிடமும் மூச்சுவிடாமல் அச்சுக்கு அனுப்பினார்.

ஆறு வருடம் கழித்து அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, நூலகத்துல நம்ம கலைக்களஞ்சியத்தைப் பார்த்தேன். நான் எழுதினது அப்படியே இருக்கு. எனக்காக ஆசிரியர்கிட்ட மல்லுக்கு நின்னிருப்பீங்க. அன்னைக்கு உங்களைத் தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சிடுங்க."