லைப்ரரிக்கு என்ன பெயர் வைப்பது?

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணமான புதிதில், சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருப் பையன்கள் ஒரு லைப்ரரி திறந்தார்கள். பையன்கள் என்றால் எல்லாம் மீசை முறுக்கிய பையன்கள். அவர்களுக்குத் தலைவர் என் வீட்டுக்காரர். ஓட்டுக் கொட்டகை தயார், பெஞ்சு தயார், பேப்பரும் வாரப் பத்திரிகையும் பெரம்பலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடும். போர்டில் என்ன எழுதுவது என்பதில்தான் வண்டி குடைசாய்ந்தது.

என் வீட்டுக்காரர் படிப்பகம் என்றார். திருச்சியில் காலேஜ் படித்த அவருடைய சிநேகிதர் நூலகம் என்றார். ஏன் என்று கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

"லைப்ரரிங்கிறதே லத்தீன்லேர்ந்து வந்ததுப்பா. லிபர்னா மரத்தோட உள்பட்டை. அந்தக் காலத்துல அதுலதான் எழுதினாங்களாம். அப்புறம் புத்தகத்துக்கே அந்தப் பேரு வந்துடுச்சு. புத்தகம் இருக்கிற எடம் லைப்ரரி. தமிழ்ல நூலகம். சரியா வருதா?"

"பட்டையும் புத்தகமும் இருந்து என்னய்யா புண்ணியம்? படிக்க ஆள் வேணும்ல? அதான் படிப்பகம்" என்றார் என் வீட்டுக்காரர். விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்!

எதிரே தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பத்தாவது பாஸ். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மளிகைப் பொட்டலக் காகிதம் தவிர வேறெதையும் படித்ததில்லை. அதிலும் கதை பாதியில் கிழிந்திருக்கும். வயிற்றெரிச்சல் தாங்காமல் கேட்டேவிட்டேன்.

"பேரு எதை வேணா வைங்க. பொம்பளைங்க உள்ள வரலாமா?"

கொட்டகையே கொல்லென்று சிரித்தது. "நீ வந்து என்ன பண்ணப் போறே? வேணும்னா வூட்டுக்குக் கொண்டாந்து தரேன்" என்றார் இவர். கொண்டுவந்தார், கிழித்தார்! காத்திருந்ததுதான் மிச்சம்.

கடைசியில் படிப்பகம் என்றே போர்டு மாட்டினார்கள். ஒரு நாள் மத்தியானம், ஆண்கள் எல்லாம் வயலுக்கும் டவுனுக்கும் போயிருந்த நேரத்தில், குடத்தை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். தொடர்கதை. சாப்பாடு மறந்துபோனது. மறுநாளும் போனேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அந்த வாரமே மாமியார் தேடிக்கொண்டு வந்துவிட்டார். "ஏ புள்ள, தண்ணி புடிக்கப் போனவ இங்க என்னடி பண்றே?"

"இருங்க அத்தை, கதையில மாமியார்காரி நகையை ஒளிச்சு வைக்கிறா. எங்கன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"எங்க ஒளிக்கிறா?" என்றபடி பெஞ்சில் உட்கார்ந்தார் அவர். கைநாட்டு வைக்கிற மனுஷி. "சத்தமாத்தான் படியேன்."

அதன்பிறகு தினமும் சமையலை முடித்துவிட்டு இருவரும் கிளம்பிவிடுவோம். ஒரு நாள் என் வீட்டுக்காரர் சிநேகிதருடன் சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் நின்று எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"வூட்ல ஒரு ஆளக் காணோம். ரெண்டு பேருக்கும் இங்க என்ன வேலை? பசிக்குது, கெளம்புங்க."

அவ்வளவுதான், இனி பொட்டலக் காகிதம்தான் என்று பத்திரிகையை மடிக்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டேய், சோறு பானையில இருக்கு, கொழம்பு சட்டியில இருக்கு. போய்ப் போட்டுத் தின்னு. நாங்க படிச்சுக்கிட்டு இருக்கோம்."