டில்லிபாபு பகல் ஷிஃப்டுக்கு வந்த கதை

பென்னலூர் டில்லிபாபு பல வருஷமாக நைட் ஷிஃப்டுதான். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. பகலுக்கு வா என்று சூப்பர்வைசர் கூப்பிட்டும் ஆள் அசையவில்லை. பேய்க்குப் பிறந்தவன் என்று கேலி செய்தார்கள். காரணம் பெண்டாட்டி சந்திரலேகாவுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கு எச்.ஐ.வி. மாதா மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பகலில் போய் மாத்திரை வாங்க வேண்டும். பகல் வேலை என்றால் லீவு கேட்கணும். லீவு என்றால் சூப்பர்வைசர் எதுக்கு என்பான்.

மாத்திரை அவனைக் கல்லு மாதிரி வைத்திருந்தது. போன மாசம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் தூக்கினான், முதுகு பிடித்துக்கொண்டது. வலி விடவே இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, எலும்பு மெலிந்திருக்கிறது என்றார்.

"இந்த மாத்திரையாலயா மேடம்? அப்ப நிறுத்திடட்டுமா?"

"நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. சிலருக்கு இது எலும்பைக் குறைக்கும். வேற மருந்து மாத்தித் தர்றேன். மதியம் சாப்பாட்டோட கால்சியம் போடுங்க, நல்லா நடங்க. மேல வெயிலே படறதில்லையா?"

டில்லிபாபு முழித்தான். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவனுக்கு வெயில் ஏது?

வீட்டில் சந்திரலேகா விடவில்லை. "பகல்ல போனா சூரியன் இன்னா உன்ன கடிச்சிடுமா?"

"சூரியன் கடிக்காதுடீ. கூட துன்றவனுங்க இன்னா மாத்திரைன்னு கேப்பானுங்க."

"முதுகு ஒடிஞ்சி வூட்ல படுத்தா கேக்கமாட்டானுங்களா?"

மறுநாளே சூப்பர்வைசரிடம் போனான். பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கினான்.

முதல் நாள் கேன்டீனில் டிபன் மூடிக்குக் கீழே கால்சியம் மாத்திரையை வைத்து, யாரும் பார்க்காத மாதிரி எடுத்தான். பக்கத்தில் இருந்த கண்ணப்பன் பிடித்துவிட்டான்.

"இன்னா மாமா, ஒளிச்சி ஒளிச்சி? சுகரா?"

டில்லிபாபு கையை மூடிக்கொண்டான். "எலும்புக்கு."

"தோடா! இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" கண்ணப்பன் பாக்கெட்டிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொட்டினான். "இது சுகரு, இது பிரஷரு, இது கேஸ் டிரபுளு. மாசா மாசம் லீவப் போட்டு ஜிஎச்சுக்குப் போறேன். எவன் கேக்கறான்? சுப்பா, தண்ணிய இப்டி தள்ளு!"

எதிரே சுப்பனும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டுதான் பாட்டிலைத் தள்ளினான். டில்லிபாபு தன்னுடையதை எல்லார் கண்ணெதிரிலும் விழுங்கினான். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஷெட் ஓரமாக ஒதுங்கினார்கள். இவன் மட்டும் கேட் வரைக்கும் நடந்தான்.

"மாமா, மண்டை காயும், நெழலுக்கு வாய்யா!"

"நீ போ. எனக்கு இதான் டாக்டர் எழுதிக் குடுத்தது" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான்.