கேக் தராசில ஏறின மோவர் கத்தியள்

எங்கட அத்தான், என்ர அக்காவின்ர மனிசன், டோர்வல் எயாபோட்டில பிளேனுக்குள்ள கூட்டித் துடைக்கிற வேலையை விட்டிட்டு ஒரு சின்ன உழவு மெசின், ட்ரக்டர், வாங்கினவர். உழவு மெசின் எண்ட உடன பெரிசா நினையாதேங்கோ. அதின்ர பொனட் என்ர நெஞ்சுக்குத்தான் வரும். "அத்தான், உதுக்கு இன்னும் பால்பல்லே விழேல்லைப் போல" எண்டு முதல் நாளே சொல்லி ஏச்சு வாங்கினனான்.

வாங்கினது இலை கொட்டுற நேரம். உடன பனி வந்திட்டுது. விண்டர் முழுக்க அது இல்-பிசார் தீவில குதிரை வளர்க்கிற ஒரு மனிசியின்ர கொட்டிலுக்குள்ள சும்மா கிடந்தது. அந்த மனிசிதான் எங்களுக்கு முதல் வேலை தந்தது. தன்ர வளவுப் புல்லு முழுக்க வெட்டச் சொல்லி.

வெட்டுறது மெசினுக்குப் பின்னால கொழுவிற ஃபிளெயில் மோவரால. அடி திறந்த ஒரு இரும்புப் பெட்டி அது. உள்ளுக்கை குறுக்கால ஒரு தண்டு. அந்தத் தண்டைச் சுத்திவரக் கத்தியள் கொடியில காயவிட்ட உடுப்பு மாதிரித் தொங்கும். தண்டு சுத்தத் தொடங்கினா எல்லாம் விரிஞ்சு நிண்டு புல்லு, பத்தை, சுள்ளி எல்லாத்தையும் அடிச்சுத் தூளாக்கும். கல்லில பட்டா மடங்கிப் பின்னால போயிடும். கெட்டிக்காறச் சாமான்தான். ஆனா கம்பி பட்டா சரி வராது.

வசந்தத்தில அத்தான் ட்ரக்டரை ட்ரெயிலரில ஏத்திக் கோயிலுக்குக் கொண்டு வந்தவர், ஃபாதரைக் கொண்டு மந்திரிக்க. மற்றாக்கள் புதுக் கொரோல்லாவோட வரிசையில நிக்கினம், நடுவில எங்கட பால்பல்லு. ஃபாதர் தண்ணி தெளிச்சவர். மோவர் ட்ரெயிலரில கொள்ளாதெண்டு அது இல்-பிசாரிலயே நிண்டிட்டுது. இதை மறந்திடாதேங்கோ, ஏனெண்டா அத்தான் மறக்கேல்லை.

ஜூனில குதிரை வளவுப் புல்லுக்குள்ள கிடந்த பழைய வேலிக்கம்பியை மோவர் இழுத்துச் சுத்திப்போட்டுது. நாலைஞ்சு கத்தி உடைஞ்சது. அத்தான் தானே மாத்தினார். அண்டையிலயிருந்து மெசின் ஆடத் தொடங்கினது. எப்பிடி ஆட்டமெண்டா, மட்காட்டில வைச்ச என்ர சோடாப் பேணி தானா நடந்து போய்க் கீழ விழும். சீற்றில இருந்து கதைச்சா குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வரும்.

அந்த நாளையிலதான் நான் அத்தான்ர வலக்கையைக் கண்டனான்.

முதலில கோயிலில. காணிக்கைத் தட்டு கொண்டு வாறது அவர்தான். எங்கட வரிசைக்கு வரேக்கை தட்டில சில்லறை கிலுகிலுவெண்டுது. நான் சும்மா இருப்பனோ? "அத்தான், பாட்டுக்குத் தாளம் நீங்களோ?" எண்டன். முன் வரிசைப் பெட்டையள் திரும்பிப் பாத்துச் சிரிச்சவை. அத்தானும் சிரிச்சார். அடுத்த ஞாயிறு தட்டை வேற ஆளிட்டைக் குடுத்திட்டுக் கதவடியில கையைக் கட்டிக்கொண்டு நிண்டார்.

"என்ன அத்தான், கை?"

"மெசின் ஆட்டுதடா. நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடிச்சா கையில நிக்கும். மெசினைச் சரிப்பண்ணினாப் போயிடும்."

அப்பிடித்தான் நானும் நினைச்சன். அக்காவும் அப்பிடித்தான் சொன்னா. வீட்டில மூண்டு பேரும் மோவரை ஏசிக்கொண்டு திரிஞ்சம். ஊரில திரும்பச் சண்டை வரப்போகுதெண்டு எல்லாரும் ஃபோனும் கையுமா இருந்த கோடை அது. எங்கட மேசையில கதை முழுக்க மோவர்தான்.

"ஃபாதர் தண்ணி தெளிச்சது ட்ரக்டருக்கு மட்டும். மோவருக்குள்ள பேய் பூந்திட்டுது" எண்டு நான் பகிடி விட்டன். அத்தான் சிரிக்கேல்லை. "அப்ப மோவரையும் ஃபாதரிட்டைக் கொண்டு போவமோ?" எண்டு கேட்டார். அப்பதான் எனக்கு விளங்கினது, மனிசன் பயந்துபோய் இருக்கிறாரெண்டு.

பள்ளிக்கூடத்தை நான் பாதியில விட்டிட்டன். பிரெஞ்சு ரீச்சர் அண்டைக்கு கேக் வெட்டிக் கொண்டாடியிருப்பா. வில்லரேயில ஒரு டயர் கடையில வேலை. வீலைச் சுத்தவிட்டு, எந்தப் பக்கம் பாரமெண்டு பாத்து, எதிர்ப் பக்கம் ஈயத்துண்டு அடிக்கிறது. ஒரு நாள் ஒருத்தர், வேகமாப் போனா கார் நடுங்குதெண்டு சொல்லிக்கொண்டு வந்தார். ஈயத்துண்டு கையில இருக்க எனக்கு மோவர் ஞாபகம் வந்திட்டுது. அதுவும் சுத்திற சாமான்தானே.

பின்னேரம் அத்தானைப் பிடிச்சன். "உடைஞ்ச கத்திக்கு எங்கயிருந்து எடுத்துப் போட்டனீங்கள்?"

"ரெண்டு புதுசு. மிச்சம், மெசினோட வந்த பால்மாப் பேணிக்குள்ள கிடந்தது. பழசெண்டாலும் நல்ல கத்தியடா. எறிய மனம் வரேல்லை."

எங்கட வீட்டில மாஜரின் டப்பாவைத் திறந்தா உள்ளுக்கை மாஜரின் இராது, கறிவேப்பிலை இருக்கும். பிஸ்கட் பேணிக்குள்ள ஊசிநூல். எறியத் தெரியாத குடும்பம். அந்தக் குணம் இப்ப மோவருக்குள்ளயும் ஏறீட்டுது. ஒரு பக்கம் புதுக் கத்தி, அதுக்கு நேர் எதிர்ப் பக்கம் தேஞ்ச கத்தி. ஒரு பக்கம் பாரம் கூடினா ஆடாமல் என்ன செய்யும்?

நிறுத்துப் பாக்கத் தராசு வேணும். அக்கா சனத்துக்குப் பிறந்தநாள் கேக் செய்து குடுக்கிறவ. அவவின்ர தராசைத் தொட்டவன் சாப்பாட்டையும் மறக்கவேணும். ஒருக்கா என்ர செல்ஃபோனை அதில நிறுத்ததுக்கு ரெண்டு நாள் கதைக்கேல்லை. நான் சண்டைக்கு ஆயத்தமாத்தான் போனனான்.

"அக்கா, தராசு வேணும். மோவர் கத்தி நிறுக்கப்போறன். கிறீஸ் எல்லாம் பிரளும்."

அவ கையைத் துடைச்சா. அலுமாரியைத் திறந்து எடுத்துத் துணியால சுத்தி என்ர கையில தந்தா. "ஒண்டையும் விடாம வடிவா நிறுத்துப் பார்" எண்டா.

எனக்கு அது கொஞ்சம் புதினமாத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிய இல்-பிசாருக்குப் போனம். மோவரை உயத்தி, அடியில மரக்குத்தி வைச்சு, எஞ்சினை நிப்பாட்டித் திறப்பை என்ர பொக்கற்றுக்குள்ள போட்டன். "மச்சான் கீழ கிடக்கிறானெண்டு மறந்து ஸ்டார்ட் பண்ணிப்போடுவியள். அக்காவுக்குப் பெரிய கவலை ஒண்டும் இராது, ஆனா தராசும் போயிடும்." அத்தான் லேசாச் சிரிச்சார்.

ஒவ்வொரு கத்தியாக் கழட்டி, ஊத்தையைச் சுரண்டி, தராசில வைச்சுப் பாரத்தை மார்க்கரால அதிலயே எழுதினம். எழுதிறது முதலில அத்தான்ர வேலையா இருந்தது. ரெண்டாம் கத்தியோட அவர் மார்க்கரை என்னட்டைத் தந்திட்டார். அவர் எழுதின இலக்கம் புழு நெளிஞ்ச மாதிரி இருந்தது. நான் பாக்காத மாதிரிக் குனிஞ்சன்.

"அத்தான், இந்தப் புதுசையும் இந்தப் பழசையும் பாருங்கோ. ஒரு முட்டைப் பாரம் வித்தியாசம். இந்த முட்டைதான் உங்களை ஆட்டினது."

"உண்மையாவோ?" மனிசன்ர முகம் விரிஞ்சது. "அப்ப கை..."

"முதல் மெசினைப் பாப்பம்."

பாரம் ஒத்ததுகளைச் சோடி சேத்து, ஒண்டு இஞ்சால எண்டா மற்றது நேர் எதிர. சோடி கிடையாததுகளைக் கிரைண்டரில தேச்சு ஒப்பமாக்கினன். தேஞ்சு முடிஞ்சதுகளை அத்தான் திரும்பப் பால்மாப் பேணிக்குள்ள போடப் பாத்தார். பேணியைப் பறிச்சுக் குப்பை வாளிக்குள்ள போட்டன். தண்டு முனையில சுத்திக்கிடந்த கம்பித் துண்டைக் குறட்டால இழுத்து எடுத்து, பேரிங்குக்குக் கிறீஸ் அடிச்சு, பெல்டையும் இறுக்கினன். முடிய வெயில் சாஞ்சிட்டுது.

திறப்பை அத்தானிட்டைக் குடுத்தன். குத்தியை எடுத்து மோவரை இறக்கி, மெல்லச் சுத்தவிட்டு, பேந்து வேகத்தைக் கூட்டினார். நான் ஒரு கப்பில தண்ணி நிறைய விட்டு மட்காட்டில வைச்சன். கப் நடக்கேல்லை. மேல சின்னச் சுருக்கம் மட்டும், காத்துக்கு வாற மாதிரி. சத்தமும் மாறியிட்டுது, ஒரே சீரான இரைச்சல்.

"எடேய்!" அத்தான் எஞ்சினை நிப்பாட்டி இறங்கினார். "பேய் போயிட்டுதடா!"

சந்தோசத்தில அந்தக் கப்பை எடுத்துக் குடிக்கப் போனார். தண்ணி விளிம்பால ஊத்துண்டு அவற்ர சேட் நனைஞ்சது. மற்றக் கையாலயும் பிடிச்சார். அப்பவும் ஊத்தினது.

வாய் வரைக்கும் ஒரு பகிடி வந்தது. விழுங்கீட்டன்.

"நாள் முழுக்க ஆட்டினதெல்லோ," எண்டார் அத்தான், கப்பைப் பாத்துக்கொண்டு. "உடன போகாது."

"ஓம் அத்தான்."

அண்டைக்கு நாங்கள் ஒரு புல்லும் வெட்டேல்லை. அது அவருக்கும் தெரியும்.

திரும்பி வரேக்கை அத்தான்தான் தன்ர வானை ஓடினவர். வீட்டை வந்து அவர் குளிக்கப் போனார். நான் தராசைக் குசினி மேசையில வைச்சன்.

"சரி வந்ததோ?" எண்டு அக்கா கேட்டா.

"மெசின் சரி."

அவ என்னை நிமிந்து பாத்தா. பேந்து தராசை எடுத்துக் கழுவத் தொடங்கினா. கிறீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே நிண்டா.

"பனி கிடக்கேக்கையே தொடங்கீட்டுது," எண்டா, என்னைத் திரும்பிப் பாக்காமல். "நித்திரையில கை ஆடுறேல்லை, முழிச்சிருக்கேக்கைதான். மெசின் அப்ப கொட்டிலுக்கைதான் கிடந்தது. கோடை வந்து மெசின் ஆடத் தொடங்கினாப் பிறகு, எனக்கு அதில ஒரு நிம்மதி. பிழை அதில எண்டு நானும் நம்பிப் பாத்தன்."

நான் எட்டித் தண்ணிக் குழாயைப் பூட்டினன்.

"நான் டொக்டர் எண்டு வாய் திறந்தா எழும்பிப் போயிடுவார்," எண்டா. "நீ சொல்லு. நீ சொன்னாச் சிரிச்சுக்கொண்டாவது வருவார்."

திங்கள் விடிய டயர் கடைக்கு வரேல்லையெண்டு சொல்லிப்போட்டு அத்தான்ர அறைக் கதவில தட்டினன். அவர் வேலை உடுப்போட நிண்டார், கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு. இரவு முழுக்க யோசிச்சு வைச்சதைச் சொன்னன்.

"அத்தான், மோவரைப் பாத்தாச்சு. இனி ட்ரைவரையும் ஒருக்காக் காட்டுவம். சும்மா நிறுத்துப் பாப்பினம், ஒரு முட்டை கூடவோ குறையவோ எண்டு."

அவர் சிரிக்கேல்லை. என்னை ஏசவும் இல்லை. அக்கா நிண்ட குசினிப் பக்கம் திரும்பிப் பாத்தார். பேந்து பொக்கற்றிலயிருந்து கையை எடுத்தார். வான் திறப்பு அவற்ர விரலுக்கை கிலுங்கினது. மறைக்கேல்லை. அந்த வானை ஒரு நாளும் என்னட்டைத் தராத மனிசன்.

"வானை நீ ஓடு," எண்டு திறப்பை என்னட்டை நீட்டினார்.